வரம்புக்கு உட்பட்ட காற்று

12 ஜூன் 2025, வியாழன்

காலையில் பொன்னி அரிசி இருபது மூட்டை இறங்கியது. இறக்கின கையோடு தார்ப்பாய் போட்டாயிற்று. எர்ணாவூரில் கடை வைத்து இருபத்தெட்டு வருஷம். சரக்கை மூடாமல் ஒரு மணி நேரம் விட்டால் பக்கத்துக் கரி யார்டுத் தூசியில் மேல் வரிசைச் சாக்கு கறுத்துவிடும். வாடிக்கையாளர் வந்தால் திறக்க வேண்டும், போனால் மூட வேண்டும். கல்யாணமாகி வந்த முதல் வாரம் என் வீட்டுக்காரர் ஆசீர்வாதம் எனக்குச் சொல்லிக்கொடுத்த வேலை அது ஒன்றுதான்.

மதியம் தபாலில் கரி யார்டுக்காரனின் அறிக்கை வந்தது. யார்டை இரண்டு மடங்காக்கப் போகிறானாம். எழுபதாம் பக்கத்தில் ஒரு வரி: எர்ணாவூர், பி.எம். 10 நுண்தூசி, ஆண்டு சராசரி 57. சட்ட வரம்பு 60. வரம்புக்கு உட்பட்டது. அளவெடுத்த இடம், தனியார் கட்டட மொட்டைமாடி. கீழே பார்த்தால் என் கதவு எண்.

என் மாடி. அதில் நிற்பது பரிசோதனைக்கூடத்துக்காரர்கள் இரண்டரை வருஷம் முன்பு கொண்டுவந்து வைத்த, தூசி அளக்கிற மிஷின். போன வருஷம் மார்ச்சில் அவர் மூச்சுக்குத் தவித்துத் தவித்துச் செத்தாரே, அன்றைக்கும் அந்த மிஷின் காற்று சரியாக இருக்கிறது என்றா எழுதிக்கொண்டிருந்தது?

13 ஜூன்

எவனோ ஒருத்தன் இதில் கை வைத்திருக்கிறான். அவனைக் கண்டுபிடித்துச் சந்தி சிரிக்க வைக்காமல் விடமாட்டேன்.

20 ஜூன், வெள்ளி

எம்.கே.பி. நகர் போய் வக்கீல் மெஹ்னாஸைப் பார்த்தேன். முப்பது வயசுப் பெண். நான் மேசையைத் தட்டித் தட்டிப் பேசியதையெல்லாம் பொறுமையாகக் கேட்டாள். பிறகு ஒரு தாளில் நான்கு எண் எழுதிக் காட்டினாள்.

“இது ஒரு நாளைக்கு உண்டான வரம்பு, அக்கா. உலக சுகாதார நிறுவனம் 45ன்னு சொல்லுது. அது ஆலோசனைதான், சட்டம் கிடையாது. நம்ம நாட்டுல 100. ஐரோப்பாவுல 50, ஆனா வருஷத்துல முப்பத்தஞ்சு நாள் மீறிக்கலாம். அமெரிக்காவுல 150.”

“நுரையீரல் எல்லாருக்கும் ஒண்ணுதானம்மா” என்றேன்.

“ஒண்ணுதான். சட்டம் எழுதுறவங்க அதை மட்டுமா பார்க்கிறாங்க? ஆலை தாங்குமா, அளக்க ஆள் இருக்கா, என்ன செலவாகும், எல்லாத்தையும் பார்த்துதான் நம்பர் போடுவாங்க. சில நாட்டுச் சட்டத்துல நம்பரே இல்லக்கா.”

அப்படியானால் என் வீட்டுக்காரர் இழுத்தது எந்த நாட்டு மூச்சு? ஒருநாள் 120 அடித்தது என்று வையுங்கள். இங்கே குற்றம். அமெரிக்காவில் அதே 120 நல்ல காற்று. நாற்பத்தைந்தைத் தாண்டினாலே உடம்புக்குக் கெடுதல் என்று தெரிந்துகொண்டே நூறு என்று எழுதினவனை எந்தக் கோர்ட்டுக்கு இழுப்பது?

அதிலும் நம் சட்டத்தில் மன்னிப்பும் சேர்த்தே எழுதியிருக்கிறது. வாரம் இரண்டு நாள் என்று வருஷத்துக்கு நூற்று நான்கு அளவு எடுக்க வேண்டும். நூற்றுக்கு இரண்டு மீறினால் பரவாயில்லை. ஆனால் அடுத்தடுத்த இரண்டு அளவெடுப்பு நாளில் மீறக் கூடாது. “அந்த இடத்துல மாட்டினா விடமாட்டேன்” என்றாள் மெஹ்னாஸ். எனக்கு அவளைப் பிடித்துப்போயிற்று.

24 ஜூன், செவ்வாய்

மிஷின் ஓடுகிற நாள் செவ்வாயும் வெள்ளியும். பார்த்துக்கொள்கிறவன் நிதிஷ். மீன்காரி குப்பம்மாவின் மகன். காலை ஆறு, மதியம் இரண்டு, இரவு பத்து என்று வந்து ஃபில்டர் பேப்பர் மாற்றுவான். இன்று இரண்டு மணிக்கு அவன் பைக் சத்தம் கேட்டதுமே வழக்கம்போல் நான் முன்னால் ஏறி மிஷினைத் திறந்து துடைத்து வைத்தேன். அவன் வேலை செய்வதைக் கண் கொட்டாமல் பார்த்தேன். பேப்பரை எடுத்தான், உறையில் போட்டான், எழுதினான். “அம்மா, தண்ணி குட்றியா” என்றான். அப்பிராணி மூஞ்சி.

இறங்கிப் போனவன் நேராக எதிர் டீக்கடையில் கரி யார்டு வாட்ச்மேனோடு நின்று சிரித்துப் பேசினான். தோளில் கை வேறு. ஓகோ.

எத்தனை செவ்வாய், எத்தனை வெள்ளி இந்தக் கையால் அவனுக்குத் தண்ணீர் கொடுத்திருக்கிறேன். அவர் கீழே இருமிக்கொண்டு கிடக்க, இவன் மேலே எண்களை மாற்றியிருக்கிறான். சாயங்காலமே உட்கார்ந்து மூன்று பக்கம் புகார் எழுதினேன். பரிசோதனைக்கூடத்துக்கு ஒன்று, மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்துக்கு ஒன்று.

3 ஜூலை

நிதிஷை வேலையை விட்டு நிறுத்திவிட்டார்கள். விசாரணையாம். வயிறு குளிர்ந்தது. ஆட்டுக்கறி வாங்கிக் குழம்பு வைத்தேன். அவர் படத்துக்கு முன்னால் நின்று, “ஒருத்தனைப் பிடிச்சாச்சு” என்றேன்.

8 ஜூலை, செவ்வாய்

புது ஆள் வந்தான். பேச்சே கிடையாது.

பின்னாலேயே குப்பம்மா வந்தாள். கூடையை இறக்கவில்லை. கடையில் நான்கு பேர் நின்றார்கள்.

“இன்னாக்கா, எம் புள்ள உனுக்கு இன்னா பண்ணான்? அங்கிளால மாடி ஏற முட்லனு அவன் தான தண்ணி கேன தூக்கினு போனான்? அவுரு செத்த அன்னிக்கு பந்தல் போட்டது யாரு? இப்ப வேல பூட்ச்சி. ஐஸ் ஒடைக்கப் போய்கினு கீறான்.”

“உன் பிள்ளை யார்டுக்காரனிடம் விலை போய்விட்டான். எனக்குத் தெரியும்” என்றேன்.

“அந்த வாட்ச்மேன் எங்க நாத்தனா புருசன்க்கா.”

இருக்கட்டும். நாத்தனார் புருஷன் என்றால் இன்னும் வசதிதானே. இனி உன் கடைப் பக்கம் தலைவச்சுப் படுக்க மாட்டேன் என்று சொல்லிப் போனாள். போகட்டும். மீனுக்கா பஞ்சம்?

5 ஆகஸ்ட், செவ்வாய்

தகவல் உரிமைச் சட்டத்தில் மெஹ்னாஸ் கேட்ட காகிதம் வந்துவிட்டது. இரண்டரை வருஷத்து அளவு, ஒவ்வொரு நாளாக. கடையைச் சாத்திவிட்டு, கடைசிப் பக்கத்திலிருந்து பின்னோக்கிப் படித்தேன். 51. 58. 49. 55. 60. பொய், பொய், பொய் என்று ஒவ்வொன்றின் பக்கத்திலும் பென்சிலால் எழுதிக்கொண்டே வந்தேன்.

மார்ச் 2025இல் கை நின்றது. 14ஆம் தேதி 163. 18ஆம் தேதி 171. 21ஆம் தேதி 158. மூன்றும் அடுத்தடுத்த அளவெடுப்பு நாள். நூறு எங்கே, இது எங்கே. மாட்டினீர்களா. மெஹ்னாஸுக்கு உடனே போன் போட்டேன். ஸ்தோத்திரம், ஸ்தோத்திரம் என்று நான்கு தடவை சொல்லியிருப்பேன்.

6 ஆகஸ்ட்

மெஹ்னாஸ் குரலில் குதிப்பில்லை. “அக்கா, 2024 மார்ச்சுலயும் அஞ்சு நாள் 150க்கு மேல இருக்கு. மத்ததெல்லாம் ஐம்பது, அறுபது. நிதிஷ் போன பிறகு புது ஆள் எடுத்த அளவும் பாருங்க. 54, 57. அவன்தான் மாத்தினான்னா இப்ப ஏன் குறைவா இருக்கு? அந்த நாள்ல மட்டும் உங்க வீட்டுல என்ன வித்தியாசம்?”

போன மார்ச்சில் நான் ஊரிலேயே இல்லை. அவருடைய முதல் வருஷ நினைவு ஜெபத்துக்கு அவர் சொந்த ஊரான நாசரேத் போய்ப் பத்து நாள் இருந்தேன். அதற்கு முந்தின மார்ச்சில் அவர் ஆஸ்பத்திரியில், நானும் கூடவே. வீட்டில் ஆளில்லை என்றுதான் அந்த நாய் உண்மையை எழுதினானோ? அதுவும் பொருந்தவில்லை. ஆளில்லாத வீட்டில் பொய் எழுதுவதல்லவா சுலபம்.

8 ஆகஸ்ட், வெள்ளி

ஒன்பதரைக்கு யார்டில் கரி இறக்க ஆரம்பித்தார்கள். காற்று இந்தப் பக்கம் திரும்பியது. மூட்டைகளை மூடினேன். மேலே ஏறினேன். மிஷினின் தகரத் தொப்பி மேல் தார்ப்பாயைப் போட்டு, கயிற்றை இழுத்து, முடிச்சுப் போட்டேன். தூசி உள்ளே போய்விடக் கூடாதே.

தூசி உள்ளே போய்விடக் கூடாதே.

முடிச்சில் கை அப்படியே இருந்தது.

நான்தான்யா. நானும் அவரும்தான். மிஷின் வந்த அன்றைக்கு, விலை ஒசந்த சாமான், பத்திரமாப் பார்த்துக்குங்க என்று சொல்லிவிட்டுப் போனார்கள். பத்திரம் என்றால் எங்களுக்கு ஒன்றே ஒன்றுதான் தெரியும். ஆள் வந்தால் திறப்போம், போனால் மூடுவோம். கடைசி மாசம் நடக்கவே முடியாமல் இருந்தாரே, முப்பத்தெட்டுப் படியையும் உட்கார்ந்து உட்கார்ந்து ஏறினாரே. எதுக்கு ஏறினீங்க? உங்களைக் கொன்ன தூசியை அளக்க வந்த மிஷினை, அந்தத் தூசியிலிருந்து காப்பாத்தவா? அப்பவே உங்களைப் போகாதீங்கன்னு பிடிச்சு உட்கார வைக்காமப் போனேனே. நீங்க போன பிறகு, உங்க வேலைன்னு நானும் ஒருநாள் தவறாம ஏறினேனே. ஆண்டவரே, பாவி நான்.

9 ஆகஸ்ட்

சாப்பிடவில்லை.

12 ஆகஸ்ட், செவ்வாய்

இன்று மூடவில்லை. யாரிடமும் சொல்லவும் இல்லை.

ஏன் சொல்ல வேண்டும்? அந்த எட்டு நாள் எண்களை மட்டும் காட்டினால் யார்டு மாட்டும். மற்றதெல்லாம் நிதிஷ் மாற்றியது என்று விட்டுவிடலாம். அவன் ஏற்கெனவே விழுந்துவிட்டான், விழுந்தவன் அங்கேயே கிடக்கட்டும். சொன்னால் என்ன ஆகும்? சாட்சியே கருவியில் கை வைத்தாள் என்று யார்டு வக்கீல் என்னைக் கிழிப்பான். என் மேலேயே வழக்கு வரலாம். என் வீட்டுக்காரரைக் கொன்றவன் சிரித்துக்கொண்டு வெளியே போவான். அதற்கா இத்தனை நாள் பல்லைக் கடித்துக்கொண்டு இருந்தேன்?

இல்லை. சொல்லமாட்டேன்.

17 ஆகஸ்ட், ஞாயிறு

ஆராதனையில் பாதியில் எழுந்து வந்துவிட்டேன். ஆட்டோ பிடித்துக் காசிமேடு போனேன். ஐஸ் உடைக்கிற இடத்தில் நிதிஷ் நின்றான். கை இரண்டும் வெந்து சிவந்திருந்தது. எல்லாவற்றையும் சொன்னேன். அழக் கூடாது என்று நினைத்துத்தான் போனேன்.

அவன் சுத்தியலைக் கீழே வைக்கவில்லை. “ஒரு தபா தார்ப்பாய் கயிறு தொங்கிகினு இருந்துச்சி. இன்னா அங்கிள்னு கேட்டேன். மழைக்கு தம்பின்னாரு. நானும் நம்பிட்டேன்” என்றான்.

“மன்னிச்சிரு தம்பி.”

“மன்னிப்புலாம் எனுக்கு வாணாம்மா. திருட்டுப்பயனு எழுதுனது பேப்பர்ல தான? இதையும் பேப்பர்ல எழுதிக் குடு.”

திரும்பி வரும்போது கோபம் அவன்மேல் வரவில்லை. வேறு ஆள் கிடைக்காமல் என்மேலேயே வந்தது.

29 ஆகஸ்ட், வெள்ளி

பிரமாணப் பத்திரத்தில் கையெழுத்துப் போட்டேன். ‘நானும் மறைந்த என் கணவரும்’ என்ற இடத்தில் பேனா ஓடவில்லை. கணவரை எடுத்துவிடலாமா என்று கேட்டேன். “உண்மையில பாதி எடுத்தா மீதியும் நிக்காதுக்கா” என்றாள் மெஹ்னாஸ். போட்டுவிட்டேன்.

14 அக்டோபர், செவ்வாய்

பசுமைத் தீர்ப்பாயம், யார்டைப் பெருக்கக் கூடாது என்று மெஹ்னாஸ் போட்ட வழக்கு. யார்டு வக்கீல் சிரித்த முகத்தோடு எழுந்தான்.

“தூசி அளக்கும் கருவிக்குள் தூசி போகக் கூடாது என்று மூடி வைத்தீர்களா?”

பின்னால் இரண்டு மூன்று பேர் சிரித்தார்கள்.

“ஆமாம். நான் அரிசிக்கடைக்காரி. எதையும் திறந்து போட்டு எனக்குப் பழக்கமில்லை” என்றேன்.

“அப்படியென்றால் இந்த அளவுகள் எதையும் நம்ப முடியாது, சரிதானே?”

“சரிதான். நானும் அதைத்தான் சொல்ல வந்தேன். தார்ப்பாய் போட்டு இறுக்கிக் கட்டியே ஐம்பத்தேழு வந்திருக்கிறது. கட்டாமல் இருந்தால் எவ்வளவு என்று ஐயாவே சொல்லட்டும்.”

சிரித்தவர்கள் நிறுத்திக்கொண்டார்கள். வக்கீல் காகிதத்தைப் புரட்டினான். புரட்டிக்கொண்டே இருந்தான். ஒன்றரை வருஷமாக நான் பார்க்க ஆசைப்பட்ட முகம் அது.

21 நவம்பர்

உத்தரவு வந்துவிட்டது. பழைய அளவுகள் அத்தனையும் ரத்து. புதிதாக ஒரு வருஷம் அளந்து முடியும்வரை யார்டைப் பெருக்கக் கூடாது. நிதிஷ் மேல் குற்றமில்லை, வேலையில் திரும்ப எடுத்துக்கொள்ள வேண்டும். எனக்கு எழுத்துமூலம் கண்டிப்பு. என் மாடியில் இனி மிஷின் வைக்கக் கூடாது. குப்பம்மா இருக்கிற சுனாமி குடியிருப்பில், அவர்கள் பிளாக் மாடியில் வைக்கிறார்களாம்.

இப்போதிருக்கிற யார்டு அப்படியே ஓடும். அதுதான் நெஞ்சில் நிற்கிறது. அவர் போனதற்கு எவனும் இன்னும் பதில் சொல்லவில்லை.

10 ஜனவரி 2026, சனி

காலையில் கடை வாசலில் குப்பம்மா. ஜூலைக்குப் பிறகு இன்றைக்குத்தான் வருகிறாள். படி ஏறவில்லை. தெருவில் நின்றே சொன்னாள்.

“மொத நம்பர் வந்துச்சி. நூத்தி எம்பத்தாறாம். எம் புள்ளதான் அளந்தான். மேல ஒரு துணி கூட காயப் போட வுடல நானு, நாள் பூரா அங்கயே குந்திகினு இருந்தேன்.”

நான் கல்லாவை விட்டு எழுந்து வாசலுக்கு வந்தேன்.

“இன்னா, இப்போ போதுமா உனுக்கு? வயிறு குளுந்துச்சா?”

“போதாது. நூற்று நான்கு அளவில் ஒன்றுதான் ஆகியிருக்கிறது. இன்னும் நூற்று மூன்று இருக்கிறது” என்றேன்.

அவள் என்னையே பார்த்தாள். பிறகு கூடையை இறக்கிப் படியில் வைத்தாள்.

“ஆமாக்கா” என்றாள். “எனுக்கும் பத்தாது.”