முப்பத்தோராம் நாளுக்கு ஒரு பெயர்

1995 செப்ரெம்பர் 30, சனி

கல்லூரியில் கணக்கியலுக்கு இடமில்லையென்று, சனி காலையில் மிச்சமிருந்த ஒரே வகுப்பில் என்னைத் தள்ளிவிட்டார்கள். யப்பான் அரசவை வரலாறு! கிழமைக்கு ஐந்து நாள் மார்க்கம் நகரத் தொழிற்சாலையில் கொம்பியூட்டர் பலகை பூட்டுகிறவளுக்கு இது எதற்கு? கட்டுரைக்கு எனக்கு விழுந்தது 'யோவா' என்று அரசவை பெயர் வைத்த காலம். 1181இல் தொடங்கி, பத்து மாதத்தில் முடிந்ததாம். சின்னது, நல்லது.

வீட்டுக்கு வந்தால் கொக்குவிலில் இருந்து தங்கை பாலேஸ்வரியின் கடிதம். கலியாணமாகி ஆறு வருடத்துக்குப் பிறகு உண்டாகியிருக்கிறாள். டிசெம்பர் தொடக்கமாம். "முப்பத்தோராம் நாள் துடக்குக் கழிச்சு வைக்கிற பேரை நீங்கள்தான் அனுப்போணும் அக்கா. வேற ஒண்டும் வேண்டாம்." கடிதம் வர மூன்று கிழமை எடுத்திருக்கிறது.

பெண் என்றால் நிலாணி. பஸ்ஸில் போகும்போதே மனதில் வந்துவிட்டது.

ஒக்ரோபர் 9, திங்கள்

தாங்ஸ்கிவிங் லீவு. இவர் எண்சாத்திரப் புத்தகத்தோடு இருக்கிறார். நிலாணிக்கு எட்டு வருகிறதாம். "எட்டு கூடாதப்பா, பிள்ளை கஷ்டப்படும்." நான் சொன்ன மற்ற ஐந்து பெயரிலும் ஏதோ ஒரு குறை.

ஒக்ரோபர் 14, சனி

பஞ்சமோ நோயோ வந்தால் அந்த அரசவை ஆண்டின் பெயரையே மாற்றிவிடுமாம். பண்டிதர்கள் பழைய சீன நூல்களில் இருந்து பெயர் எடுத்துக் கொடுக்க, மந்திரிமார் கூடியிருந்து ஒவ்வொன்றிலும் நொட்டை பிடிப்பார்களாம். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அப்படி ஒரு மந்திரி எங்கள் வீட்டிலும் இருக்கிறார்.

ஒக்ரோபர் 28, சனி

போதும். இவரைக் கேளாமலே நிலாணி என்று எழுதிப் போட்டுவிட்டேன். ஆண் என்றால் பிரசாந்.

நவம்பர் 1, புதன்

றேடியோவில் சொன்னார்கள். ஆமி நெருங்குகிறதென்று திங்கள் இரவு யாழ்ப்பாணம் முழுக்க எழும்பிச் சாவகச்சேரிப் பக்கம் நடந்துவிட்டதாம், மழைக்குள்ளே. கொக்குவிலில் ஒருவரும் இல்லையாம்.

எட்டு மாதம். எட்டு மாத வயிற்றோடு எப்பிடி நடந்திருப்பாள் — ஐயோ, எப்பிடி நடந்திருப்பாள்?

கடிதம் கொக்குவில் விலாசத்துக்குத்தான் போகிறது.

நவம்பர் 5, ஞாயிறு

கொழும்பில் ஆறு இடத்துக்குப் போன் எடுத்தேன். ஒருவருக்கும் தெரியாது. "யோசிச்சு என்ன செய்யப்போறீர், ஒண்டும் செய்யேலாது," என்கிறார் இவர். உண்மைதான். அதனால்தான் கோபம் வருகிறது. நாலு கிழமைக்கு முன்னமே போட்டிருந்தால் பெயராவது போய்ச் சேர்ந்திருக்கும். அந்த எண்சாத்திரப் புத்தகத்தை எடுத்து ஒளித்து வைத்துவிட்டேன்.

நவம்பர் 18, சனி

யோவாவில் தலைநகரின் தெருவெல்லாம் பிணமாம். அரசவை கூடி, அடுத்த ஆண்டுக்கு ஜுயெய் என்று பெயர் மாற்றியது. பசி மாறவில்லை. பட்டினி கிடந்த சனத்துக்கு ஆண்டு மாறினது தெரியுமா என்று கேட்டேன். "தெரியாது, அவர்கள் ஒன்றும் எழுதி வைக்கவில்லையே," என்றார் ஆசிரியர்.

எங்களுடைய வருடங்களுக்கும் பெயர் இருக்கிறது. இது யுவ. அறுபதும் வரிசையாக வரும், ஒருவராலும் மாற்ற ஏலாது. ஏலுமென்றால் நானும் இன்றைக்கு மாற்றியிருப்பேன். வேறு என்ன இருக்கிறது என் கையில்?

டிசெம்பர் 2, சனி

இண்டைக்கும் ஒண்டும் இல்லை.

1996 ஜனவரி 13, சனி

கட்டுரை திரும்பி வந்தது. அரசவை மீது உங்களுக்கு ஏன் இவ்வளவு கோபம் என்று ஓரத்தில் எழுதியிருக்கிறார்.

என் கடிதமும் திரும்பி வந்துவிட்டது. உடைக்கவேயில்லை.

பெப்ரவரி 10, சனி

பாலேஸ்வரி எடுத்தாள். வவுனியாவில் ஒரு தொலைபேசிக் கடையில் இருந்து. உயிரோடு இருக்கிறாள்.

பெண் பிள்ளை. சாவகச்சேரியில் ஒரு பள்ளிக்கூட வகுப்பறையில் பிறந்ததாம். காய்ச்சல் வந்தது, மருந்து இல்லை. பத்தொன்பது நாள்.

"என்ன பேர் வைச்சனீங்கள்?" என்று கேட்டுவிட்டேன். என் வாயில் அடிக்கவேணும்.

"முப்பத்தொண்டு வரேல்லையே அக்கா. பிள்ளை, பிள்ளை எண்டுதான் கூப்பிட்டனாங்கள்."

அவள்தான் கேட்டாள். "நீங்கள் யோசிச்சு வைச்சிருப்பீங்கள்தானே. சொல்லுங்கோ."

சொன்னேன்.

நல்ல பேர் என்றாள். பிறகு, கூப்பிடுகிற மாதிரி, ஒரு தரம் சொன்னாள்.