வளைவில் நடுங்கும் கை

சாமி,

போனில் சொன்னால் நடுவில் குறுக்கே பேசுவாய். அதனால் நான் சொல்லச் சொல்ல நம் ஊர் நர்ஸ் ரோஸ்லின் எழுதுகிறார்.

மகள் பிறந்ததிலிருந்து கொண்டை ஊசி வளைவில் பஸ்ஸைத் திருப்பும்போது கை நடுங்குகிறது, டிரைவர் வேலையை விடப்போகிறேன் என்றாயாமே?

நீ பிறந்த வருசம் மிளகு பறிக்க மரமேறினேன். அதுவரை குரங்குபோல் ஏறியவனுக்குப் பாதியிலேயே கால் உதறியது. உன்னை இடுப்பில் வைத்துக்கொண்டு கீழே நின்ற உன் அம்மா, "ஏனுங்க, மரம் ஆடுதா, நீங்க ஆடறீங்களா?" என்று சிரித்தாள்.

"உன்ற இடுப்புல இருக்கறவன் ஆட்டறான்" என்றேன்.

நான் அப்பன் ஆனது எனக்கு முன்னால் என் காலுக்குத் தெரிந்திருக்கிறது. மறுநாளிலிருந்து இடுப்பில் கயிறு கட்டிக்கொண்டு ஏறினேன். "இனி ஏணிக்கும் பூசை போடுவான்" என்று ஊரே கேலி பேசியது. பேசட்டும் என்று மிளகு பறித்தேன்.

நீ பஸ்ஸைப் பறக்கவிட்ட காலத்தில் நான் அதில் ஏறியதே இல்லை. உன் பஸ் வந்தால் ஒதுங்கி நின்று அடுத்ததில் போவேன். இப்போதுதான் நம்பிக்கை வந்திருக்கிறது. வெள்ளிக்கிழமை பேத்தியைப் பார்க்க உன் பஸ்ஸில்தான் மலையிறங்கி வருகிறேன். முன் சீட்டில் துண்டு போட்டு வை.

உன் அப்பன்