ஐம்பத்தெட்டாவது நொடி

தம்பிக்கு,

நலமா என்று கேட்டுத் தொடங்க மனமில்லை. போனில் பேசினால் கத்திவிடுவேன், நீயும் சிக்னல் சரியில்லை என்று வைத்துவிடுவாய். அதனால் எழுதுகிறேன். முழுதும் படி.

உன் பேய்ப் படத்தின் டிரெய்லர் நேற்று மதியம் வந்தது. வெள்ளிக்கிழமை வெளியிடுகிறோம், அதற்குள் அக்காவின் கருத்து வேண்டும் என்று ஒரு வரி. நான் கல்லூரியில் சினிமா வகைமைப் பாடம் எடுக்கிறவள் என்று, போன மாதம் நீ திட்டம் எழுதிய தாளையும் எனக்குத்தான் அனுப்பினாய். இடது பக்கம், திகில் படத்துக்கு வருகிறவன் எதிர்பார்ப்பவை: பூட்டிய வீடு, தானே திறக்கும் கதவு, திடீர் அமைதி, அலறல். வலது பக்கம், அதில் நீ மாற்றப்போவது. அலறலுக்கு நேரே, 'அன்பான ஒரு குரல், அதுவே திரும்பத் திரும்ப' என்று எழுதியிருந்தாய். நானும் மாணவர்களுக்குப் போடுவதுபோல் சிவப்பு மையில் 'மிக நன்று' என்று போட்டேன். எதிர்பார்த்ததைக் கொடு, ஒன்றை மட்டும் மாற்று, அதுதான் வகைமை என்று மேதாவியாட்டம் நான்கு வரி வேறு. என் புத்தியைச் செருப்பால் அடிக்க வேண்டும்.

ஐம்பத்தெட்டாவது நொடியில் அம்மாவின் குரல் வருகிறது. "கண்ணா, வந்துட்டியா?" மூன்று முறை. மூன்றாவது முறை அதை இழுத்து, அடியில் ஏதோ உறுமலைச் சேர்த்திருக்கிறாய்.

அம்மா படுத்த படுக்கையாக இருந்தபோது, கதவுச் சத்தம் கேட்டால் போதும், நீதான் வந்துவிட்டாய் என்று நினைத்து இதையே கேட்பாள். நர்ஸ் வந்தாலும் அதே கேள்வி, நான் கடைக்குப் போய்த் திரும்பினாலும் அதே கேள்வி. அதைக் கேட்டாவது நீ வருவாய் என்று பதிவு செய்து அனுப்பினேன். படப்பிடிப்பு இருக்கிறது என்றாய். எல்லாம் முடிந்து இரண்டாம் நாள்தான் வந்தாய். அதைப் பற்றி இதுவரை நான் ஒரு வார்த்தை கேட்டதில்லை. வர நேரமில்லாதவன், அந்தக் குரலை மட்டும் பத்திரமாக வைத்திருந்து பேய்க்குக் கொடுத்திருக்கிறாய்.

சும்மா போட்டுப் பார்த்தேன், பொருந்திவிட்டது என்பாய். எடிட்டிங் அறையில் நடப்பது எனக்கும் தெரியும். சரியான ஒலி கிடைக்கும்வரை கைக்குக் கிடைத்ததை வைப்பீர்கள். பத்து நாளில் காது பழகிவிடும், பிறகு எடுக்க மனம் வராது. அம்மா கூப்பிடுவதும் உன் காதுக்குப் பழகிவிட்டது, அவ்வளவுதானே?

அப்பா கூடத்தில் சட்டைக்குப் பொத்தான் தைத்துக்கொண்டிருந்தார். எனக்கென்ன தெரியும், சத்தமாக வைத்துவிட்டேன். குரல் கேட்டதும், "இதோ வரேன்மா, அவன் இன்னும் வரல" என்று சொல்லிக்கொண்டே உள் அறைக்குப் போனார். காலிக் கட்டிலுக்கு முன்னால் ஊசியும் நூலுமாக நின்றார். நேற்று அவர் சாப்பிடவும் இல்லை.

வெள்ளிக்கிழமைக்குள் அந்தக் குரலை எடுத்துவிடு. பெண் குரல்தான் வேண்டுமென்றால் என்னுடையதை வைத்துக்கொள். உன் தாளின் வலது பக்கத்தை அடித்துவிட்டு, பழைய அலறலுக்கே போ. நான் வந்து அலறித் தருகிறேன். எனக்கு ஒத்திகை தேவைப்படாது.

நீ நன்றாக இருக்க வேண்டும். உன் படத்தைப் பார்த்து ஊரே நடுங்கட்டும். அம்மா கூப்பிடுவதைக் கேட்டு மட்டும் யாரும் பயப்பட வேண்டாம்.

அக்கா