யாரும் அழுத்தாமல் எரிந்த விளக்கு

வெள்ளிக்கிழமை, இரவு.

காய்ச்சலுக்குப் பிறகு அம்மாவுக்குக் காது கேட்பதில்லை. வாசல் சுவிட்சை யாராவது அழுத்தினால் அடுப்படி விளக்கு எரியும்படி, துபாயிலிருந்து அண்ணன் அனுப்பிய சின்ன போர்டில் நேற்று புரோகிராம் ஏற்றினேன். இன்று நான் தையலுக்குப் போனபோது, யாரும் அழுத்தாமலே அது எரிந்து எரிந்து அணைந்திருக்கிறது. ஒவ்வொரு தடவையும் அம்மா முக்காட்டைச் சரிசெய்துகொண்டு வாசலுக்கு ஓடியிருக்கிறார்.

"உங்க அத்தாதான் சவுதிலேருந்து சொல்லாம வந்துட்டாங்களோன்னு பார்த்தேன்" என்று சிரித்தார். தட்டை ஒதுக்கிவிட்டு எழுந்தேன்.

அண்ணனுக்கு ஃபோன் செய்தேன். திட்டவில்லை.

"போர்டுல சுவிட்ச் மாட்டுன கம்பிக்காலை அந்தரத்துல விட்டுட்டியா புள்ள? பக்கத்து வயலு மோட்டார் ஓடினாலே யாரோ அழுத்துறாங்கன்னு நினைச்சுக்கும். போர்டு உள்ளேயே புல்-அப்னு ஒண்ணு இருக்கு, அது கம்பிக்காலை ஆடாம இழுத்துப் பிடிச்சுக்கும், அதைப் போட்டு விடு."

புரோகிராமில் ஒரு வரியை மாற்றினேன். விளக்கு அடங்கியது.

வெளியே போய் நானே அழுத்தினேன். அம்மா வரவில்லை. இனி நம்பவே மாட்டாரோ என்று பயந்துகொண்டே மறுபடி அழுத்தினேன். கதவு திறந்தது. அம்மா என்னைத் தாண்டித் தெருவை ஒருமுறை பார்த்தார்.

"வாங்க, யாரைப் பார்க்கணும்?" என்று விருந்தாளியிடம் கேட்பதுபோல விளையாட்டாகக் கேட்டார். பிறகு, "நீ உள்ள போ, நான் அழுத்துறேன்" என்று என்னைத் தள்ளினார்.

அடுப்படியில் நின்றேன். விளக்கு எரிந்தது, அணைந்தது, மறுபடி எரிந்தது. அல்ஹம்துலில்லாஹ். வாசலில் அம்மா சிரிப்பது எனக்குக் கேட்டது.