இத்தாவில் தைத்த பாவாடை

20.5.1994
மிஷின் இரண்டையும் துடைத்து மூடி வைத்தேன். வேறு வேலை? வீட்டுக்காரர் மௌத்தாகி, அடக்கம் பண்ணிப் பதினெட்டு நாள். நாலு மாதம் பத்து நாள் இத்தா முடிய இன்னும் மூன்றரை மாதத்துக்குமேல்; அதுவரை வாசல் தாண்டக்கூடாது. ஸ்ரீவில்லிபுத்தூர் சேக் முகைதீன் முதலாளி கடைக்கு வருடாவருடம் ஆடிப்பூரத்துக்கு உள்பாவாடை தைப்பது நான், துணி வாங்கி வந்து சரக்கைச் சேர்ப்பது வீட்டுக்காரர். இந்த வருடம் துணியே வரவில்லை.

24.5
கொழுந்தன் ஜமால் கதவுக்கு வெளியே நின்று பேசினார். "மிஷினை வித்துட்டு எங்க வீட்டுக்கு வந்துருங்க மைனி. நாங்க பாத்துக்கிடுதோம்." நல்ல மனசுதான். சோற்றுக்குக் குறையிருக்காது. ஆனால் மிஷின் போனால் எனக்கென்று என்ன இருக்கு? ஆடி பிறக்கட்டும் என்றேன்.

27.5
என்னோடு தைக்கும் பக்கத்து வீட்டுத் தங்கபாய் கடைக்கே போய்க் கேட்டு வந்தாள். ஆர்டரை வேறு ஆளுக்குக் கொடுக்கப் போகிறாராம் முதலாளி. இத்தாவில் இருக்கிற பிள்ளையை வேலை வாங்கினால் பாவமாம். மரியாதையாம்! அழுதேன். யார்மேல கோவப்பட? எல்லாரும் எனக்கு நல்லதுதானே பண்ணுதாவ?

28.5
தங்கபாய் சும்மா இருப்பாளா! கழுத்தில் ஜெபமாலையோடு பள்ளிவாசல் கேட்டில் போய் நின்று ஹஜ்ரத்திடம் கேட்டிருக்கிறாள். அவர் சிரித்தாராம். "வெளிய போகத்தான் கூடாது. வீட்டுக்குள்ள தைக்கிறதுக்கு யாரு தடை சொன்னா?" அதையே ஒரு சீட்டில் எழுதியும் கொடுத்தார். சீட்டோடு அப்படியே ஸ்ரீவில்லிபுத்தூருக்கு பஸ் ஏறிவிட்டாள். அவளுக்கு நான் என்ன செய்யப் போகிறேன்?

30.5
முதலாளியின் பெண்சாதி ஆயிஷா பீவியே துணிக்கட்டோடு ஆட்டோவில் வந்து இறங்கினார்கள். "அவிய உன்னக் கேக்காம முடிவு பண்ணிட்டாவ. மனசுல வச்சுக்காத தாயி." கையைப் பிடித்துக்கொண்டார்கள். அவர்கள் போனதும் கட்டைப் பிரித்தேன்.

2.6
எழுத நேரமில்லை. அல்ஹம்துலில்லாஹ்.

12.8
ஆடிப்பூரச் சரக்கு அம்புட்டும் விற்றுப்போனதாம். என் வெள்ளைச் சேலை முழுக்கச் சிவப்பும் பச்சையுமாக நூல். ஜமால் மிஷினை விற்கிற பேச்சையே எடுக்கவில்லை. மிஷின் எண்ணெய் ஒரு டப்பா வாங்கி வைத்துவிட்டுப் போயிருக்கிறார்.

8.9
இத்தா முடிந்தது. குளித்து, கலர் சேலை கட்டினேன். ஜமால் ஆட்டோவோடு வந்து, எங்கே போகணும் மைனி என்று கேட்டார். நாலு மாதமாக எங்கெங்கேயோ போக நினைத்தவள்தான். தீபாவளி ஆர்டர் துணி பிரிக்காமல் கிடக்கிறது.

"நாளைக்குப் போறேன் தம்பி" என்று சொல்லி அனுப்பிவிட்டு மிஷினில் உட்கார்ந்தேன். இன்றைக்கு வீட்டுக்குள் இருந்தது என் இஷ்டத்துக்கு.