நைனா கை காட்டிய இடம்

கப்பல் சங்கு ஊதினால் தூக்கத்திலும் தலையைத் திருப்பும் என் நைனாவுக்கு,

நேற்று டாக்டர் துறைமுகத்துக்கு வந்திருந்தார். நீ போன பிறகு அவர் அங்கே வந்தது இதுதான் முதல் தடவை. நடந்ததை உன்னோடு வேலை பார்த்த ஏழுமலை மேஸ்திரி மாலையில் வீட்டுக்கு வந்து சொன்னார். கேட்டு முடித்ததும் உன்னிடம் சொல்ல வேண்டும் என்று எழுந்தே விட்டேன். பிறகுதான் உட்கார்ந்து இதை எழுதுகிறேன்.

உன் வயிற்றில் அது துடிக்க ஆரம்பித்த நாட்கள் நினைவிருக்கிறதா? தொப்புளுக்கு மேலே கை வைத்தால், உள்ளேயிருந்து யாரோ கதவைத் தட்டுவது போல இருக்கும். நான் காது வைத்தும் கேட்டிருக்கிறேன். உன்னோடு மூட்டை தூக்குகிறவர்கள் ஒவ்வொருவராகத் தொட்டுப் பார்த்துவிட்டு, "இன்னா மாமு, வயித்துல கடியாரம் மாட்டிக்கினியா?" என்பார்கள். "டைம் இன்னா ஆவுதுன்னு பாத்துச் சொல்லு" என்று நீயும் சட்டையைத் தூக்கிக் காட்டுவாய். அம்மா மட்டும் சிரிக்கவில்லை. உன்னைப் பெரிய ஆஸ்பத்திரிக்கு இழுத்துக்கொண்டு போனது அவள்தான்.

இதயத்திலிருந்து இரத்தத்தைக் கீழே கொண்டுபோகும் பெரிய குழாய் வயிற்றில் ஓரிடத்தில் மெலிந்து உப்பியிருக்கிறது, அது வெடித்துவிட்டால் தன்னால் ஒன்றும் செய்ய முடியாது என்றார் டாக்டர். குழாயை மாற்ற இங்கே இன்னும் வழியில்லை. அதைச் சுற்றி ஒரு கண்ணாடிக் காகிதத்தைக் கட்டிவிட்டால், உடம்பு அந்தக் காகிதத்தோடு சண்டை போட்டுத் தன்னைத் தடிக்க வைத்துக்கொள்ளும். அந்தத் தடிப்பே குழாய்க்கு வேலியாக நிற்கும். இந்த வைத்தியம் எல்லாருக்கும் பலிப்பதில்லை, மேசையிலேயே போனவர்களும் உண்டு என்பதையும் அவர் மறைக்கவில்லை.

"முட்டாய் சுத்தற காயிதமா டாக்டர்?" என்று நீ கேட்டாய்.

"கிட்டத்தட்ட அதுதான்."

"அப்போ எறும்பு வராம பாத்துக்க."

பிழைத்து வந்தாய். ஆனால் டாக்டர் அதைப் பிழைத்ததாகவே எடுத்துக்கொள்ளவில்லை. "தையல் பிரிக்கிற அன்னைக்கு எல்லாரும் பொழைச்சவங்கதாம்மா. ஒரு வருஷம் கழிச்சு அவங்க எப்படி நடக்கிறாங்க, என்ன வேலை பார்க்கிறாங்கன்னு தெரிஞ்சாதான் நான் செஞ்சது சரியா தப்பான்னு சொல்ல முடியும்" என்று என்னிடம் சொன்னார். ஆஸ்பத்திரிக்குத் திரும்பி வராதவர்களைத் தேடி அவரே போவார். அதைத்தான் அவர் தம் ஆராய்ச்சி என்றார். நான் அதுவரை ஆராய்ச்சி என்றால் புத்தகங்களுக்கு நடுவில் நடப்பது என்று நினைத்திருந்தேன்.

இனி மூட்டை தூக்கக் கூடாது என்பது அவர் உத்தரவு. தூக்காதவனுக்கு மூட்டை தூக்கும் கூட்டத்தில் இடமில்லை என்பது துறைமுகத்தின் வழக்கம். அப்போது மேஸ்திரி செய்ததை நான் என்றைக்கும் மறக்க மாட்டேன். கப்பலின் மேல்தட்டில் நின்று, பளு தூக்கும் வின்ச்சை ஓட்டுகிறவருக்கு 'தூக்கு, நிறுத்து, இறக்கு' என்று கை காட்டுவது அவருடைய வேலை. அந்த இடத்தை உனக்குக் கொடுத்துவிட்டு, நரைத்த தலையோடு அவர் முதுகை வளைத்து மூட்டையை வாங்கிக்கொண்டார். கம்பெனிக்காரர்களுக்குத் தெரியாமல் கூட்டமே பார்த்துக்கொண்டது.

ஒரு வருஷம் கழித்து டாக்டர் உன்னைத் தேடித் துறைமுகத்துக்கே வந்தார். நீ அன்று கப்பலில் இருந்தாய். கீழே நின்ற மேஸ்திரி அவரைக் கம்பெனி டாக்டர் என்று நினைத்துக்கொண்டார். முன்பு ஒருவருக்குக் குடலிறக்கம் என்று ஒரு டாக்டர் வாய் திறந்ததும், மறுநாளே கம்பெனி அந்த ஆளைத் துறைமுகக் கேட்டுக்குள் விடவில்லையே. அந்தப் பயம்.

அன்று மாலை நம் வீட்டில் உட்கார்ந்து எவ்வளவு பெருமையாகச் சொன்னார். "கோட்டு போட்டுகினு ஒரு ஆளு வந்தான் மாணிக்கம். நீ எப்பிடி கீறன்னு கேட்டான். அவனா? உட்டா கப்பலையே தோள்ல வச்சிகினு பாரிமுனைக்கு நடப்பான்னு சொல்ட்டேன்."

நாம் எல்லோரும் சிரித்தோம். நீதான் அதிகம் சிரித்தாய்.

மறுநாள் டாக்டர் வீட்டுக்கு வந்தபோதுதான் அந்தக் கோட்டு போட்ட ஆள் அவர் என்று தெரிந்தது. அவர் முகத்தில் அப்படி ஒரு சந்தோஷத்தை நான் பார்த்ததில்லை. தண்டையார்பேட்டையில் காதர் என்று ஒரு மூட்டை தூக்குகிறவர், உனக்கு வந்த அதே வீக்கம். வேலை செய்ய முடியாத உயிர் எதற்கு என்று ஆபரேஷனுக்கு மறுக்கிறார். "நேத்துதான் உங்க துறைமுகத்துல விசாரிச்சேன். மாணிக்கமே பழையபடி தூக்குறாரு, நீங்களும் தூக்கலாம்னு காதர்கிட்ட சொல்லப் போறேன்" என்றார்.

அம்மா உன்னைப் பார்த்தாள். நான் தரையைப் பார்த்தேன். நீ உண்மையைச் சொன்னால் கை காட்டும் இடம் போகலாம். மேஸ்திரியின் வேலையும் போகலாம். சொல்லாவிட்டால் முகம் தெரியாத ஒரு காதர், வயிற்றில் காகிதத்தோடு மூட்டைக்குக் குனிவார்.

டாக்டர் காபியைக் குடித்துவிட்டுத் தெருமுனை வரை போய்விட்டார். நீ சட்டைகூடப் போடாமல் பின்னாலேயே போனாய். நானும் வந்தேன்.

"டாக்டர், மேஸ்திரி சொன்னது பொய்யி. நான் ஒரு மூட்ட தொட்டதில்ல. கைதான் காட்டிகினு கீறேன்."

"ஏன் பொய் சொன்னாரு?" என்றார் அவர்.

"என் சோத்துல மண்ணு உயக்கூடாதுன்னு. அவரு நல்லவரு டாக்டர். அத்தையும் எய்திக்க."

டாக்டர் யாரிடமும் சொல்லவில்லை. காதரிடம் சொல்ல வேண்டியதை நீயே போய்ச் சொன்னாய். "மூட்ட தூக்க முடியாது தோஸ்து. அத்த மறந்துடு. ஆனா கொயந்தைய தூக்கலாம்." காதர் அண்ணன் கதவுப் பக்கம் திரும்பி மனைவியைப் பார்த்தாராம். அந்த அக்கா, "வூட்ல உக்காந்துகினாச்சும் இரு" என்று மட்டும் சொன்னார்களாம். அடுத்த வாரம் அவர் ஆஸ்பத்திரியில் சேர்ந்தார். பிழைத்து, ஒரு கிடங்கில் கிழிந்த சாக்குகளைத் தைத்துக்கொண்டிருந்தார்.

பிறகு மாசியில் நீ போனாய். விடியற்காலையில் எழுந்து தண்ணீர் கேட்டாய், நான் சொம்போடு வருவதற்குள் சாய்ந்துவிட்டாய். அந்தக் குழாய்தானா நைனா? டாக்டர் வந்து, உள்ளே திறந்து பார்த்தால் தெரியும் என்று தயங்கித் தயங்கிச் சொன்னார். அம்மா ஒத்துக்கொள்ளவில்லை. அவர் வற்புறுத்தவில்லை. உன்னைப் பற்றி, 'காரணம் தெரியவில்லை' என்றே எழுதியிருப்பதாக அப்புறம் என்னிடம் சொன்னார். வேறு ஏதாவது எழுதினால் நீ தெருமுனையில் வந்து நிற்பாய் என்று தோன்றியதாம்.

இப்போது நேற்றைய செய்தி. நீ போனதும் காலியாக இருந்த இடத்தில் மேஸ்திரி மறுபடி நிற்பார் என்று எல்லோரும் நினைத்தார்கள். அவர் போய்க் காதர் அண்ணனை அழைத்து வந்து நிறுத்திவிட்டார். நேற்று டாக்டர் காதர் அண்ணனைத் தேடி வந்து, "காதர் மூட்டை தூக்குறாரா?" என்று கேட்டபோது, மேஸ்திரி முதுகில் இருந்த மூட்டையை இறக்கி வைத்தாராம்.

"இல்ல டாக்டர். மாணிக்கம் நின்ன எடத்துல நின்னு கை காட்டிகினு கீறான். அவன் மூட்டய நான் தூக்கறேன். போய் ஆபீசுல சொல்றதுன்னா சொல்லிக்க."

டாக்டர் சிரித்துவிட்டு, "சட்டையைத் தூக்குங்க, உங்க வயித்தையும் பார்த்துடறேன்" என்றாராம்.

"எனக்குக் கடியாரம் இல்ல டாக்டர், அவன்தான் பணக்காரன்" என்றாராம் மேஸ்திரி.

வெளிநாட்டு டாக்டர்கள் இறந்தவர்களின் குழாயை எடுத்து, உப்பிய இடத்தில் வைத்துத் தைக்கிறார்களாம். டாக்டர் கொடுத்த ஒரு சஞ்சிகையில் படித்தேன். அப்படித் தைத்துக்கொண்டவர்கள் ஒரு வருஷம் கழித்து எப்படி இருக்கிறார்கள் என்று தேடினேன். அதில் அது இல்லை. யாராவது அவர்கள் வேலை செய்யும் இடத்துக்குப் போய்க் கேட்டிருப்பார்களா?

டாக்டர் வருஷாவருஷம் வருவார். காதர் அண்ணன் வீட்டுக்கு அவரோடு நானும் போவேன். அண்ணன் நன்றாக இருந்தால் அதைச் சொல்வேன். இல்லையென்றால், எனக்கு எவ்வளவு கஷ்டமாக இருந்தாலும், தெருமுனை வரை ஓடியாவது அதையும் சொல்வேன்.

உன் வயிற்றில் காது வைத்துக் கேட்ட மகள்,
தனம்