குறுக்கே நின்ற கரண்டி

ஆம்பூர், வெள்ளிக்கிழமை இரவு

தோல் பதனிடும் டேனரியில் ஆளைக் குறைத்து இவரை வீட்டுக்கு அனுப்பியதிலிருந்து, பாத்திரம் கழுவும் மெஷின் இவர் கைக்குப் போய்விட்டது. நான் அடுக்கியதை எல்லாம் வெளியே எடுத்து மறுபடி அடுக்குகிறார். "தட்டு மேல தட்டு ஒட்டினா தண்ணி எப்படிப் போவும்? டிரம்ல தோல ஜாஸ்தி போட்டாலும் இதே கதிதான்" என்று தினமும் பாடம். பவுடர் போடுவது மட்டும்தான் இப்போது என் வேலை. எரிச்சலாக வருகிறது.

இன்று சாயங்காலம் நான்தான் முதலில் திறந்தேன். மேலடுக்கு டம்ளர்களில் காபிக் கறை அப்படியே இருந்தது. இவர் கீழே நட்டுவைத்த நீளக் கரண்டி, மேலே தண்ணீர் பீய்ச்சிச் சுற்றும் விசிறியில் இடித்து அதை நிறுத்தியிருக்கிறது. கரண்டியை நான் உருவி எடுக்கவும் இவர் பின்னால் வந்து நிற்கவும் சரியாக இருந்தது. ஒரு டம்ளரை எடுத்துப் பார்த்தார். முகம் செத்துவிட்டது.

"இதுகூட எனக்கு வரல, பாரு."

கரண்டியை முந்தானைக்குள் மறைத்துக்கொண்டேன். "நான்தாங்க பவுடர் போட மறந்துட்டேன்."

"அதான பார்த்தேன்! இன்னா ஞாபகத்துல இருக்குற நீ?" என்று ஆரம்பித்தவர் படுக்கும்வரை ஓயவில்லை.

இப்போது குறட்டை விட்டுத் தூங்குகிறார். நான் கொட்டக் கொட்ட விழித்திருக்கிறேன். கரண்டி பீரோவில் புடவைக்கு அடியில் கிடக்கிறது. காலையில் தேடுவார்.